கழற்றுவதற்கு முன்

பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆயில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டும் விதம் பற்றித் தமிழில் ஒரு கைப்புத்தகம் எழுதி, அச்சகத்தில் கொடுத்துவிட்டு, ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைந்துகொண்டிருந்தேன். படிப்பு எனக்குப் பட்டறையில் வந்ததுதான். இன்ஜின் புகைந்தால் "பெருமூச்சு விடுது" என்பார்கள். விட்டு விட்டு ஓடினால் "விக்கல் எடுக்குது" என்பார்கள். அந்தப் பேச்சையெல்லாம் சேர்த்துக் கடைசியில் ஓர் அத்தியாயம் வைத்திருந்தேன். புத்தகத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அது.

சுற்றுக் கிராமங்களுக்கு இன்ஜின் கொடுக்கவிருந்த கூட்டுறவுச் சங்கம், ஒவ்வொன்றோடும் என் புத்தகத்தை வைப்பதாகச் சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமை வண்டிகள் வரும். "அன்னிக்கு புக்கு வரலேன்னா விட்டுடுங்க. இன்ஜின் ஊருக்குப் போயிட்ட பின்னாடி யாரு தேடிக்கிட்டுப் போய்க் குடுக்கறது?" என்றார் சங்கத்துக் காரியதரிசி.

அச்சகத்திலோ ஈய எழுத்து போதாது. பதினாறு பக்கம் கோத்து, அடித்து, எழுத்துகளைப் பிரித்துப் போட்டால்தான் அடுத்த பதினாறு. அடித்தது அடித்ததுதான். செவ்வாய்க்கிழமை, இன்ஜினைப் பிரிக்கும் பகுதி புரூஃப் வந்தது. கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியதுதான் பாக்கி. மனசு கேட்கவில்லை. பட்டறைக்கு இன்ஜின் கொண்டுவந்திருந்த ஒரு விவசாயியிடம் எடுத்துப் போனேன். அவருக்குப் படிக்க வராது. கூட வந்திருந்த மனைவிக்கு வரும். "நீங்க படிங்கம்மா, அவர் செய்யட்டும்" என்றேன்.

"எண்ணெய்க் குழாயின் திருகைக் கழற்றவும்," என்று அந்த அம்மா நிதானமாகப் படித்தார். அவர் கழற்றினார். டீசல் குபுகுபுவென்று வேட்டியில் கொட்டியது.

"கழற்றுவதற்கு முன்... தொட்டியின் அடைப்பானை மூடவும்."

"இப்ப சொல்றியே!"

"என்னை ஏன்யா மொறைக்கற? புக்குல இப்பத்தானே வருது!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏண்ணே, ஆளைக் கெணத்துல தள்ளிட்டுத்தான் நீச்சல் தெரியுமான்னு கேப்பீங்களா?"

சிரித்துக்கொண்டே புரூஃபை வாங்கி முதலிலிருந்து பார்த்தேன். உட்கார்ந்து படிப்பவனுக்காக எழுதியிருக்கிறேன். கையில் ஸ்பானரோடு காதால் கேட்பவனுக்கு அது ஆகாது. டீசல் என்றால் வேட்டியோடு போகும், கொதிநீர் என்றால் கை வெந்துவிடும். கொதிநீர் மூடிக்கும் அப்படித்தான் எழுதியிருந்தேன்: திறக்கவும், ஆறிய பிறகே திறக்கவும். அந்தப் பகுதி முழுவதும் எச்சரிக்கைகள் பின்னால்தான் நின்றன. மாற்றிக் கோக்கச் சொல்ல அச்சகத்துக்கு ஓடினேன்.

அச்சக முதலாளி பழைய பிரெஞ்சுப் படிப்பு. யாரைக் கூப்பிட்டாலும் பிரெஞ்சு முறையில் 'முசே'தான், நம் 'ஐயா' மாதிரி. "முசே, இது கல்யாண மாசம். பத்திரிகைங்க காத்துக்கிட்டு கெடக்கு. மாப்பிள்ளைய நிக்க வெச்சுட்டு உம்ம இன்ஜினுக்கா தாலி கட்டறது? அப்படியே அடிச்சுட்டு, கடைசிப் பக்கத்துல பிழைதிருத்தம் போட்டுக்கலாம்."

"கை வெந்தவன் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவானா முதலாளி?"

அவர் விரலால் மேசையைத் தட்டினார். "மாத்திக் கோத்தா, கடைசிப் பதினாறு பக்கத்துக்கு நாள் இல்ல. எது வேணும், சொல்லும்."

கடைசிப் பதினாறு என்றால் பெருமூச்சும் விக்கலும். கடற்கரை வரை போனேன், திரும்பினேன், பாதி வழியில் மறுபடி போனேன். "அதை விட்டுடுங்க" என்று சொன்னபோது குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அச்சுக் கோப்பவர் பக்கத்திலேயே நின்று வரிவரியாக மாற்றச் சொன்னேன். "கொஞ்சம் தள்ளி நின்னு பதறுங்க சார், வெளிச்சம் மறைக்குது" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை, பசை காயாத புத்தகங்களோடு ரிக்‌ஷாவில் நான் சங்கத்து வாசலில் போய் இறங்கியபோது, மாட்டு வண்டிகளில் இன்ஜின் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒருவர் புத்தகத்தை வாங்கி, இன்ஜின் ஆடாமலிருக்க அதன் அடியில் செருகினார்.

"ஐயா, அதை வெளிய எடுங்க! வீட்டுல படிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"மருமவ படிப்பா."

"அப்போ அவங்க படிக்கட்டும், நீங்க கேட்டுக்கிட்டே செய்யுங்க!"

"செரி, செரி" என்று மாட்டைத் தட்டினார். புத்தகத்தை எடுக்கவில்லை. ஊரை விட்டு வெளியே போகும் கோரிமேட்டுச் சாலையில் வண்டியோடு நானும் ஓட ஆரம்பித்தேன்.