கரைவலையும் எங்கள் குட்டியானையும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி மாதம். சிதம்பரம் பக்கத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம். கம்பைநல்லூரிலிருந்து எங்கள் குட்டியானை வண்டியிலேயே கிளம்பிவிட்டோம். வீட்டுக்காரர் ஓட்ட, மாமியார் அவர் பக்கத்தில். நானும் கொழுந்தனாரும் ஓரகத்தியும் பின்னால், தக்காளிப் பெட்டி ஏற்றும் இடத்தில். சரக்கு வண்டியில் ஆள் ஏறுவது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

கல்யாணம் முடிந்ததும் மாமியார் கடலைப் பார்த்தே தீர வேண்டும் என்றார். ஒகேனக்கல்லை விட்டால் பெரிய தண்ணீரே பார்க்காதவர். பக்கத்தில் ஒரு சின்ன மீனவர் ஊருக்குப் போனோம். ரோடு முடிந்த இடத்திலிருந்து கடல் கொஞ்ச தூரம். மணலில் நடக்க அவருடைய முழங்கால் ஒத்துழைக்காது. வண்டியை மணலில் இறக்க வீட்டுக்காரர் தயங்கினார்.

"நம்ம ஆத்து மணல்ல டிராக்டரே ஓட்டறீங்க, இது என்னாங்க பிரமாதம்?" என்று உசுப்பேற்றிவிட்டவள் நான்தான். அலை ஓரம் வரை போய் நிறுத்தினோம்.

அரை மணி நேரம் கழித்துக் கிளம்பினால் பின்சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் புதைந்தது. அதற்குள் அலை மேலேறி டயரைத் தொட்டது.

"ஏண்டா, ஏரித் தண்ணியாட்டம் நின்ன எடத்துலயே நிக்காதா இது?" என்று மாமியார் மகனைக் கேட்டார். எங்களுக்கு மட்டும் என்ன தெரியும்? தக்காளியும் சாமந்தியும் சந்தைக்குப் போவது அந்த ஒரே வண்டியில்தான்.

கொஞ்சம் தள்ளி முப்பது பேருக்கு மேல் இரண்டு வரிசையாகக் கரையில் நின்று, கடலில் விரித்த கரைவலையைக் கயிற்றால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்க் கும்பிட்டேன். முன்னால் நின்றவர் கயிற்றை விடாமலே பேசினார்.

"வலை கடல்ல கெடக்குக்கா. பாதியில வுட்டா மீனு மொத்தமும் போயிரும். நீங்களும் வந்து புடிங்க, வெரசா கரையேத்திட்டு வந்துர்றோம்."

வண்டி முழுகப்போகிறது, இவருக்கு மீனா பெரிசு என்று சுள்ளென்று கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே வெட்கமாகவும் இருந்தது. அறுவடையைப் பாதியில் போட்டுவிட்டு நான் யாருக்காக ஓடியிருக்கிறேன்?

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் பிடித்தார்கள். மாமியாரை இறக்கி, தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து உட்காரவைத்தோம். சும்மா இருப்பாரா? பின்னால் வந்து விழுந்த கயிற்றை உட்கார்ந்தபடியே சுருட்ட ஆரம்பித்தார். மாட்டுக் கயிறு பிடித்துப் பழகிய கை.

வலை கரையேறியது. மீன் துள்ளிக் கிடக்க, கயிற்றோடு அத்தனை பேரும் எங்கள் வண்டிக்கு ஓடினார்கள். டயரில் காற்றைக் குறைத்து, தென்னை மட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகினார்கள். ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். முதல் இழுப்பில் அசையவில்லை. இரண்டாவதில் ஒரு முழம் வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அலை கதவில் மோதியது.

"வுடாதீங்க, இழுங்கடா!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் மூன்றாவது இழுப்பு. எங்கள் குட்டியானை மணலை உதறிக்கொண்டு மேலே ஏறிவிட்டது! ஒரே விசில், கூச்சல். முழங்கால் வலிக்காரர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

வீட்டுக்காரர் பணம் நீட்டினார். யாரும் வாங்கவில்லை. அந்த முன்னால் நின்றவர், பங்கு பிரித்த மீனில் ஐந்து கூறுகளை எங்கள் பக்கம் தள்ளினார்.

"கயித்துல கை வச்சவங்களுக்குப் பங்கு உண்டுக்கா. இது எங்க வழக்கம். உக்காந்து சுருட்டுன அம்மாவுக்கும் சேத்துத்தான்."

மாமியார் தன் கூறை யாரிடமும் கொடுக்காமல் ஊர் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். "நான் கடல்ல சம்பாரிச்சது" என்று இன்றைக்கும் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். உதவி கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்ட இடத்திலிருந்து உழைத்த பங்கை வாங்கிக்கொண்டு திரும்பியதை நினைத்தால், எனக்கும் இன்றுவரை நெஞ்சு நிமிர்கிறது.