வரைபடத்தில் வைக்காத புள்ளி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சித்திரை வெயிலில், கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. கோடையில் பெண்கள் குடிதண்ணீருக்காக எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று ஆய்வு செய்ய ஒரு கல்லூரி மாணவி வந்திருந்தார். இணையத்தில் எல்லோருக்கும் பொதுவான வரைபடம் ஒன்று இருக்கிறது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், விட்டுப்போனதைச் சேர்க்கலாம். அதில் எங்கள் ஊர் ஒரு குறிப்பும் இல்லாமல் வெறும் பச்சையாகக் கிடந்தது. தூரத்தை அளக்க முதலில் கிணறுகளை அதில் குறிக்க வேண்டும் என்றார் மாணவி. கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பஸ்ஸில் ஏறினால்கூட ஆட்களை எண்ணுவேன். கிணறுகளைக் காட்டித்தர நானே முன்வந்தேன்.

செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ, புள்ளி தள்ளி விழுந்துவிடுமோ என்று புலம்பிக்கொண்டே நாற்பது கிணறுகளைக் குறித்துவிட்டேன். நாற்பத்தொன்றாவது, முந்திரிக்காட்டுக்குள் இருக்கும் நல்லதண்ணீர்க் கிணறு. கோடையில் கடைசித் தெரு முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது. புள்ளியை வைத்து, அனுப்பப் போகும் நேரத்தில், தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண் கேட்டார்.

“என்னங்கய்யா, கெணத்தப் போட்டோ புடிக்கிறீங்க? மாப்பிள்ளை பாக்கப் போறீங்களா?”

“மேப்புல ஏத்துறோம்மா. இனிமே ஒலகத்துல யாரு வேணாலும் பாக்கலாம்” என்றேன், பெருமையாக.

அவர் குடத்தைக் கீழே வைத்தார். “அப்ப தண்ணி லாரிக்காரனும் பாப்பான்ல? தோப்புக்காரரு வெளியூர்ல இருக்காரு, ஒரு போனுல பேசி முடிச்சுருவான். அங்கிட்டு எங்க அக்கா ஊர்ல அப்பிடித்தான், ஒரே கோடையில உறிஞ்சிட்டுப் போயிட்டாங்க. இதுவும் போச்சுன்னா நாங்க எங்கிட்டுப் போறது?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட மனமில்லை. “ஒண்ணு விட்டாக் கணக்கே தப்பும்மா.”

“தப்புனா தப்பட்டும். ஒங்களை யாரு இப்ப பெஞ்சு மேல ஏத்தப் போறா?”

மாணவி சிரித்துவிட்டார். பிறகு அவரிடம், “அக்கா, நீங்க நடக்குற தூரத்தை மட்டும் எழுதிக்கிறேன். கெணறு எங்க இருக்குன்னு எதுலயும் போட மாட்டேன். சரிங்களா?” என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். செல்போன் என் கையில்தான் இருந்தது. புள்ளியை அழித்தேன். அதன் பிறகுதான் அவர் குடத்தை எடுத்தார்.

வரைபடத்தில் இன்றும் நாற்பதுதான். வேறு யாராவது சேர்த்துவிடலாமே என்ற பயத்தில் தினமும் காலையில் திறந்து எண்ணுகிறேன். எதிலும் ஒன்று குறைந்தால் நிம்மதி இழக்கிற எனக்கு, அந்த ஒன்று இன்னும் குறைவாகவே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் காபி தொண்டையில் இறங்குகிறது.