ஒட்டிய உறைக்குள் ஒரு காய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோ விளையாட்டில் நான் கெட்டிக்காரி. தற்பெருமை என்று நினைப்பவர்கள் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பரிஸில், லா ஷப்பலில் நாங்கள் கூடுகிற கஃபேக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்து பார்க்கலாம். குறுக்கும் நெடுக்குமாகப் பத்தொன்பது கோடுகள் போட்ட பலகை. ஒருவருக்குக் கறுப்புக் காய், மற்றவருக்கு வெள்ளைக் காய். கோடுகள் சந்திக்கும் இடங்களில் மாறி மாறி வைத்து, யார் கூடுதல் இடத்தை வளைத்துப் பிடிக்கிறார் என்பதுதான் ஆட்டம். காணி எல்லைக்கும் வேலிக்கும் சண்டை பிடித்தே பழகிய யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அங்கேயே ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு பயண முகவர் நிலையத்தில் வேலை செய்கிறேன். காலையில் நான் கடையைத் திறக்கும்போது ஜப்பானில் பின்னேரம். அங்கே பெரிய பட்டங்களுக்கான ஆட்டங்கள் இரண்டு நாட்கள் நடக்கும். முதல் நாள் ஆட்டம் நிற்கிற கட்டத்தைக் கைபேசியில் பார்க்காமல் நான் எந்தப் பயணச்சீட்டையும் தொடுவதில்லை. அப்போது யாருடைய முறையோ, அவர் காயைப் பலகையில் வைக்கமாட்டார். பலகையின் படம் அச்சடித்த தாளில், தான் வைக்கப்போகும் இடத்தைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுவார். மறுநாள் காலையில் நடுவர் அதைக் கத்தரித்துத் திறப்பார். இடையில் எவ்வளவும் யோசிக்கலாம், எழுதியதை மட்டும் மாற்ற முடியாது. எனக்கு அந்த விளையாட்டிலேயே பிடித்தது அந்த உறைதான்.

போன வருடம் எங்கள் கழகத்துக்கு ஒரு செய்தி வந்தது. ஜப்பானிலிருந்து ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் பரிஸுக்கு வருகிறார். எங்கள் போட்டியில் வெல்பவர் அவரோடு ஓர் ஆட்டம் ஆடலாம். ஒருவருக்கு மட்டும்தான் அந்த வாய்ப்பு, மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கலாம். எட்டு வருடங்களாக ஜப்பான்காரர்களுடைய ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து விளையாடுகிறவள் நான். அவருக்கு எதிரே போடுகிற கதிரை எனக்குத்தான் என்று தெருவிலுள்ள எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

இறுதி ஆட்டத்தில் என் எதிராளி ஒரு புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுத் தபால் துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை போடுவார், என்னை மதாம் என்று கூப்பிடுவார். "ஜப்பானிலை செய்யிற மாதிரியே ரெண்டு நாள் விளையாடுவம், கவரும் வைப்பம்" என்று நான்தான் கேட்டேன்.

"கவர் ஒட்டிக் குடுக்கிறது எனக்குப் புதுசா மதாம்?" என்று சிரித்தார்.

ஜப்பானில் உறை ஓர் இரவு இருக்கும். நாங்கள் சனிக்கிழமைகளில் மட்டும் கூடுகிறவர்கள் என்பதால் எங்கள் உறை ஒரு வாரம் இருக்கவேண்டி வந்தது. முதல் சனிக்கிழமை ஆட்டம் நின்றபோது என் முறை. வலது பக்கத்தில் சிக்கியிருந்த என் மூன்று காய்களைக் காப்பாற்றும் இடத்தை வட்டமிட்டு ஒட்டினேன். ஒட்டிய வாயின் மேல் அவர் குறுக்காகக் கையெழுத்துப் போட்டார். பிறகு என் கடைக்குப் பக்கத்தில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் அண்ணையிடம் ஒப்படைத்தோம். இருவருக்கும் வேண்டியவர், களவு பொய் தெரியாதவர்.

அவரிடம் ஒரே ஒரு பழக்கம் உண்டு. தெருவிலுள்ள பாதிப்பேர் தங்களுக்கு வருகிற பிரெஞ்சுக் கடிதங்களை அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர் கையில் உறை பட்டதும் கிழிப்பார், வாசிப்பார், என்ன செய்யவேண்டும் என்று சொல்வார். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே கொடுத்தேன் பாருங்கள், அதுதான் என் கெட்டித்தனம்.

புதன்கிழமை, புறநகர் ஸ்தேனிலுள்ள வீட்டுக்குப் போகும் பேருந்தில் பலகையை மனதில் வைத்துப் பார்த்தேன். திடீரென்று நடுவில் ஓர் இடம் தெரிந்தது. அந்த மூன்று காய்களையும் போகட்டும் என்று விட்டுவிட்டு அங்கே வைத்தால் ஆட்டம் என்னுடையது. நான் எழுதிக் கொடுத்ததோ பேராசை பிடித்த முட்டாளின் இடம். அதே யோசனையில் இறங்கவேண்டிய தரிப்பிடத்தையும் தவறவிட்டேன்.

மறுநாள் அண்ணை கிழிந்த உறையோடு என் கடைக்குள் வந்தார்.

"தங்கச்சி, குறை நினையாதை. மற்றக் கடிதங்களோடை சேர்த்து உன்ரையையும் கிழிச்சுப்போட்டன். உள்ளுக்கை கட்டம் கட்டமாக் கிடந்துது. ஆரின்ரையோ சாதகமாக்கும் எண்டு பாத்தன், ஒரு கிரகத்தையும் காணேல்லை."

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவர் புது உறை ஒன்றை நீட்டினார். "இந்தா, திருப்பி எழுதி ஒட்டு. பிழை என்னிலை எண்டு அவருக்கு நானே சொல்லுறன். நீ விரும்பினதை எழுது."

விரும்பினதை எழுது! அந்தச் சொல் இரண்டு நாட்கள் என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். பலகைப் படம் அச்சடித்த தாள்கள் வீட்டில் இன்னும் இருந்தன, சிவப்புப் பென்சிலும் இருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தும் விட்டேன். நடுவிலுள்ள அந்த இடத்துக்கு மேலே பென்சிலைப் பிடித்தபடி இருந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உறை வேண்டும் என்று கேட்டவளே நான். இதை மாற்றி வென்றால் அந்த ஜப்பான்காரர் முன்னால் எந்த முகத்தோடு உட்காருவேன்? எனக்கு வெல்லத் தெரியும், அதற்குக் களவு தேவையில்லை. வட்டமிடாத தாளைக் கசக்கி எறிந்தேன்.

சனிக்கிழமை கிழிந்த உறையை அப்படியே பலகையின் பக்கத்தில் வைத்தேன்.

"இது நான் கையெழுத்துப் போட்ட கவராச்சே. யாரு கிழிச்சது?" புதுச்சேரிக்காரரின் முகம் கறுத்துவிட்டது.

"அண்ணை தெரியாமல் கிழிச்சுப்போட்டார். வியாழக்கிழமையிலிருந்து தாள் என்ரை கைப்பையிலைதான் கிடந்தது. நான் ஒண்டும் மாத்தேல்லை. நீங்கள் நம்பாட்டி ஆட்டத்தை உங்களுக்கே விடுறன்."

"முப்பத்தஞ்சு வருஷத்துல என் கையில ஒரு கடிதம் இப்படி ஆனதில்ல, மதாம்."

தாளை விரித்தார். சிவப்பு வட்டத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், திரும்பவும் வட்டத்தைப் பார்த்தார். "சரி, வைங்க" என்றார்.

வைத்தேன். நடுவிலுள்ள இடத்தை அடுத்த முறையே அவர் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டத்தைப் பற்றி வெட்கப்பட எதுவுமில்லை, ஆனால் போன இடம் போனதுதான். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தலையைக் குனிந்து தோல்வியை ஒப்புக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் ஜப்பானில் வென்றவரும் தோற்றவரும் எழும்பிப் போவதில்லை. காய்களைப் பழையபடி வைத்து, எது எங்கே பிழைத்தது என்று சேர்ந்து பார்ப்பார்கள். நாங்களும் பார்த்தோம். உறை வைத்த கட்டத்துக்கு வந்ததும் அவர் என் காயை எடுத்து நடுவில் வைத்தார்.

"இங்க வச்சிருந்தா நான் காலி."

"தெரியும். புதன்கிழமையே கண்டிட்டன்."

"நீங்க கண்டுபிடிக்காம இருக்கமாட்டீங்கன்னு எனக்கும் தெரியும். தாளைத் திறந்தேன், வட்டம் இங்க இல்ல. அப்பறம் நான் வேற என்ன கேக்கணும்?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஜப்பான்காரருக்கு எதிரே அவர் உட்கார்ந்தார். தொழில்முறை ஆட்டங்களில் ஒவ்வொரு காயையும் வரிசையாகக் குறித்துக்கொள்ள, பலகைக்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பார். அந்த வேலை யாருக்கு என்று கழகத்தார் பேசிக்கொண்டிருந்தார்கள். சுற்றி நின்ற கூட்டத்துக்குள் புதுச்சேரிக்காரர் என்னைத் தேடிக் கைகாட்டினார்.

"மதாம் எழுதட்டும். அவங்க எழுதினா மாத்தமாட்டாங்க."

சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.