முதல் வண்டிக்கு ஒரு தொப்பி

"காதை மூடினா நெத்தி தெரியுது, நெத்தியை மூடினா காது தெரியுது. மனுஷன் தலைக்குத் தொப்பி செய்றானுங்களா, எலுமிச்சம்பழத்துக்குச் செய்றானுங்களா?"

குளிர் தொடங்கினால் பஸ் டிரைவர் வீட்டில் இந்தப் பாட்டுத்தான். காலையில் ஷூ மாட்டும்போது ஒருமுறை, வேலை முடிந்து வந்து தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வீசும்போது ஒருமுறை. அவர் 'காதை' என்று ஆரம்பித்ததுமே மனைவி அடுப்படியிலிருந்து 'நெத்தி' என்பார். கூடவே குடியிருக்கும் மச்சினன் மூக்கைச் சுருக்கி, அவருடைய கட்டைக் குரலிலேயே எலுமிச்சம்பழம் வரைக்கும் அச்சு அசலாகப் பேசி முடித்துவிடுவான். டிரைவர் வாயை மூடிக்கொண்டு ஷூ கயிற்றைக் கட்ட வேண்டியதுதான்.

ஆனால் குறை நியாயமான குறை. அவர் தலையின் சுற்றளவு அறுபத்து நாலு சென்டிமீட்டர். கடையில் வாங்கிய எந்தத் தொப்பியும் பத்தே நிமிஷத்தில் மெல்ல மெல்ல மேலேறி உச்சந்தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவரோ பக்கத்து ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்து ஓட்டுகிறவர். பனியில் கண்ணாடி மங்கிவிட்டால் காதுதான் கண் என்பார். போன குளிர்காலத்தில் ஜன்னல் பக்கத்துக் காது இரண்டு தடவை சீழ் பிடித்தது.

இந்த வருஷம் டிப்போ டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பேனாவை மூடாமலே சொன்னார்: "ரெண்டு வாரம் டைம் தரேன். காதை முழுசா மூடிட்டு வரணும். மூடின காது நல்லா கேக்கவும் கேக்கணும். இல்லைன்னா அதிகாலை வண்டியை மறந்துடுங்க, மத்தியான ஷிப்டுக்கு எழுதிடுவேன்."

வேறு யாராக இருந்தாலும் மத்தியான ஷிப்டு என்றதும் டாக்டர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்திருப்பார்கள். இவரோ அதிகாலை வண்டியை விடுவதாக இல்லை. நாலு நாற்பது வண்டியைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி தெருமுனையில் ஓடி வருவாள். அவளுக்காக இருபது விநாடி நிற்பார். போன வருஷம் காதுவலியில் இவர் படுத்த இரண்டு நாளும் மாற்று டிரைவர் நிற்கவில்லை. அவள் பனியில் நடந்தே போய், வேலையில் திட்டு வாங்கினாள்.

"மப்ளரைச் சுத்திக்கோங்களேன்" என்றார் மனைவி.

"சுத்தினா கழுத்து திரும்பாது. கழுத்து திரும்பாத டிரைவர் வண்டியில நீ ஏறுவியா?"

நேராகக் கம்பளி நூல் கடைக்குப் போனார். கடைக்காரிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். அளவுக்குப் பின்னித் தரும் ஆட்கள் எல்லோரும் குளிர் முடியும்வரை கைநிறைய வேலை வைத்திருக்கிறார்கள் என்றாள். "நீங்களே பின்னிடுங்க சார். கியர் போடுறதை விட ஈஸி."

ஈஸியாக இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற பிடியில் அவர் ஊசியைப் பிடித்தார். பின்னலில் விழும் ஒவ்வொரு கண்ணியும் மூச்சுத் திணறியது. நாலு அங்குலம் வளர்ந்த பிறகுதான், வட்டமாக இணைக்கும்போதே முதல் வரிசை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டது தெரியவந்தது. தலைக்குள் நுழையாமல் அது பாம்பு மாதிரி திருகிக்கொண்டு நின்றது. கடைக்கு எடுத்துப் போனார்.

"கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துச் சரி பண்ண முடியாதாம்மா?"

"இதுல ரிவர்ஸ் கிடையாது சார். ஆரம்பத்துல இருந்து பிரிக்கணும்."

பிரித்தார். மறுபடி ஆரம்பித்தார். டிப்போவில் பத்து நிமிஷ ஓய்விலும் ஊசி கையில் இருந்தது. பதினோராம் நாள் தொப்பி முடிந்தது. விளிம்பை மேலே மடித்து, காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு. சாம்பல் நிறம், கெட்டிப் பின்னல். மேஜையில் வைத்தால் தானாக நிற்கும்.

"மாமா, இதுல தண்ணி பிடிச்சு வைக்கலாம்" என்றான் மச்சினன். ஆனாலும் அவர் போட்டுக் காட்டியதும் அவனே தலையாட்டினான். காது, நெற்றி இரண்டும் உள்ளே. டிரைவர் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, மிச்ச நூலில் விரல் நுனி தெரிகிற கையுறை ஒன்றை ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் அவரைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்து, பின்னால் நின்று தாழ்ந்த குரலில் எண்களைச் சொன்னார். டிரைவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரம்பிக்கலாம் டாக்டர்" என்றார் கடைசியில்.

"முடிச்சே ஆச்சு. ஒண்ணுமே கேக்கல உங்களுக்கு. இன்னும் மூணு நாள் இருக்கு."

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. "மடிப்பை இறக்கி விட்டா என்ன?" என்றார் மனைவி.

"இறக்கினா கண்ணு மறையுது. காது கேக்கும், ரோடு தெரியாது."

"விடுங்க மாமா. மத்தியான ஷிப்டுன்னா நிம்மதியா தூங்கலாம்."

டிரைவர் தொப்பியைக் கழற்றினார். தொப்பியின் உச்சியில் நூல்முனையைத் தேடிப் பிடித்து இழுத்தார். மனைவி "ஐயோ, நல்ல தொப்பிங்க" என்று கையைப் பிடித்தார். அவர் மெதுவாக அந்தக் கையை விலக்கிவிட்டு மறுபடி இழுத்தார். பதினோரு நாள் வேலை பத்து நிமிஷத்தில் மடியில் சுருள் சுருளாகக் கிடந்தது.

மறுநாள் கடைக்காரி பெரிய ஊசி கொடுத்தாள். "மடிப்பே வேணாம், ஒத்தை அடுக்கு போதும். கண்ணியை இறுக்காதீங்க. கையைத் தளர விடுங்க." அதுதான் கஷ்டம். மச்சினன் ஒரு வார்த்தை கிண்டல் செய்தால் போதும், அந்த வரிசையே இறுகிவிடும்.

"மாப்ள, மூணு நாளைக்கு நீ வாயை மூடு. நான் காதை மூடணும்."

அதிசயமாக அவன் மூடினான். சாப்பாட்டுக்குக்கூடச் சைகையில்தான் கேட்டான். டிரைவர் தோளை இறக்கி, காலி ரோட்டில் ஓட்டுகிறவர் மாதிரி பின்னினார். இறுகிய வரிசை கண்ணில் பட்டால் அதைப் பிரித்து மறுபடி போட்டார். மூன்றாம் நாள் விடியுமுன் முடிந்த தொப்பி கொஞ்சம் தொளதொளவென்று, ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. ஆனால் வேலைக்குப் போய் வரும்வரை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

டாக்டர் மறுபடி சுவரைப் பார்க்க உட்கார வைத்தார். தொப்பிக்குள் விரலை விட்டுக் காது முழுக்க மூடியிருக்கிறதா என்று பார்த்தார். நாலடி பின்னால் போய், பக்கத்து அறையில் தூங்குகிறவரை எழுப்பாத குரலில், "இவ்வளவு அசிங்கமான தொப்பியை நான் பார்த்ததே இல்ல" என்றார்.

டிரைவர் நாற்காலியோடு திரும்பினார்.

"அசிங்கமா இருக்குன்னு நீங்க சொன்னது நல்லாவே கேட்டுச்சு டாக்டர். அழகா இருக்குன்னு எழுத வேணாம், ஃபிட்டுன்னு மட்டும் எழுதுங்க. நாலு நாப்பது வண்டியில வர்றவங்க யாரும் அந்த நேரத்துல கண்ணைத் திறந்து பார்க்கறதில்ல."