செய்தி வாசிப்பவரின் வெள்ளைச் சட்டை

“எல்லாம் மஞ்சளாத் தெரியுதுன்னு அம்மா எப்பவாவது சொன்னாங்களா?”

ஆஸ்பத்திரி நடையில் டாக்டர் மகனிடம் கேட்டார். சொன்னாள். வாரக்கணக்கில் சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டு அவன் டிவி இணைப்பை மாற்றினான்.

“இதயத்துக்குக் கொடுத்த மாத்திரை. சிறுநீரகம் தளர்ந்தா அது உடம்புலயே தங்க ஆரம்பிச்சிடும். சில பேருக்கு அதனால பார்க்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரியும். அப்பவே வந்திருந்தா அளவைக் குறைச்சிருக்கலாம்” என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அம்மா இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அவள் பெயிண்ட் தொழிற்சாலையில் நிறம் பார்த்தவள். யாராவது உடைந்த ஓட்டுத்துண்டையோ பழைய கதவின் சில்லையோ கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார்கள். கலந்த பெயிண்டை அட்டையில் தடவிக் காயவைத்து, வடக்குப் பார்த்த ஜன்னலடியில் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பாள். “சிவப்பு ஒரு சொட்டு தூக்கலா இருக்கு” என்றால் அந்த வாளி திரும்பிப் போகும். மேலாளர்கூட மறுபேச்சுப் பேசமாட்டார். தொழிற்சாலையில் அவளுக்குத் தராசுக்கண் என்று பெயர்.

மகன் தொலைத்தொடர்புப் பொறியாளன். வீட்டில் அவன் கண்ணுக்கு மதிப்பே கிடையாது. “உனக்கு எலுமிச்சையும் ஒண்ணுதான், எருமையும் ஒண்ணுதான்” என்பாள், அவன் வாங்கிவந்த திரைச்சீலையைப் பார்த்து.

ஓய்வுபெற்ற பிறகு அவளுக்கு மூன்று சேனல் போதும். செய்தி, பழைய படம், காட்டு விலங்கு. பெரிய டிவி வாங்கி, ஏற்கெனவே இருந்த கேபிளிலேயே ஹெச்.டி. போட்டுக் கொடுத்தான். ஒருநாள் செய்தி பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

“டேய், இந்த ஆளு போட்டிருக்கிறது வெள்ளைச் சட்டைதானே? ஏன் பழுப்பேறிக் கிடக்கு?”

பார்த்தான். வெள்ளையாகத்தான் தெரிந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் கண் டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பான். சொன்னது தராசுக்கண். அலுவலகத்திலிருந்து மீட்டரைக் கொண்டுவந்து சிக்னலை அளந்தான். குறையே இல்லை. மீட்டரா அம்மாவா என்று வந்தபோது அம்மாவை நம்பினான். அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

கேபிள்காரர் வந்து பார்த்தார். “சார், எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது.”

“தம்பி, உன் காலரைக் கேட்டா அதுவும் வெள்ளைன்னுதான் சொல்லும்” என்றாள் அம்மா. அவர் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். வந்தவர் சொன்னதுதான் உண்மை.

பிறகு ஒப்பீட்டில் இறங்கினான். சோதனைக்கென்று ஒரு டிஷ்ஷும் இணையவழி இணைப்பும் வாங்கி, மூன்று பெட்டிகளையும் ஒரே டிவியில் மாட்டினான். கேபிளில் மூன்று சேனலும் வந்தன. ஆனால் சிறுத்தை ஓடினால் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. டிஷ்ஷிலும் மூன்றும் வந்தன, படம் கத்தி மாதிரி இருந்தது; மழை வந்தால் போய்விடும். இணையவழியில் படம் எல்லாவற்றையும் விடத் துல்லியம். விலங்குச் சேனல் இல்லை. ஈடுகட்டுவதுபோல் விளையாட்டுச் சேனல்களைக் கொட்டிவைத்திருந்தார்கள்.

“இத்தனை விளையாட்டா? எந்தக் காலை வச்சுடா நான் ஓடப்போறேன்? செய்தி வாசிக்கிறவன் மூக்குத் தோல்ல இருக்கிற ஓட்டையைக்கூட எண்ணலாம் போல. எனக்கு எதுக்கு அது? சிங்கம் வருமா, அதைச் சொல்லு.”

அவளைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரவைத்து, பெட்டியை மாற்றிவிட்டுத் திரும்பச் சொல்வான். எது எந்த இணைப்பு என்று அவளுக்குத் தெரியக்கூடாது.

“மஞ்சள்.”

“இது?”

“இதுவும் மஞ்சள்.”

“இது?”

“அதேதான். உலகத்துல எவனுக்குமே வெள்ளை கலக்கத் தெரியலையா?”

மூன்று தனித்தனி நிறுவனங்கள் ஒரே தவறைச் செய்யாது. அலுவலகத்தில் இப்படி ஒரு பழுது வந்திருந்தால் மூன்றுக்கும் பொதுவாக இருப்பது எது என்று முதலில் தேடியிருப்பான். வீட்டிலும் தேடினான். டிவி என்று முடிவுகட்டினான். டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் அவன் கணக்கில் வரவில்லை.

டிஷ்ஷையே வைத்துக்கொண்டான், சிங்கத்துக்காக. செட்டிங்ஸைத் திறந்து நீலத்தை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றினான்.

“இன்னும். இன்னும் கொஞ்சம். நில்லு! இப்பதான் வெள்ளை.” அவன் கன்னத்தைத் தட்டினாள். “பரவாயில்லடா, உனக்கும் கண்ணு திறந்துடுச்சு.”

சில நாளில் மறுபடி மஞ்சள் என்றாள். இன்னும் ஏற்றினான். அதற்குப் பிறகும் ஒருமுறை. அந்த நாட்களில் அவள் தட்டைப் பாதியிலேயே தள்ளிவைத்தாள். பசியில்லை, குமட்டுகிறது என்றாள். மாவு டப்பாவைத் திறந்து, “மாவு மஞ்சளா இருக்கே, பழசா?” என்று கேட்டாள். அவன் மொட்டைமாடியில் இருந்தான். மழைக்கு டிஷ் அசையாதபடி திருகை முறுக்கிக்கொண்டிருந்தான். அங்கிருந்தே, “பல்பு மாத்தணும்மா, அந்த வெளிச்சம் அப்படி” என்று குரல் கொடுத்தான். மறுநாள் பல்பையும் மாற்றினான்.

அதற்கடுத்த வாரம் சமையலறையில் விழுந்தாள்.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, கூடவே தங்கியிருந்த தங்கை டிவியைப் போட்டாள். போட்டவுடன் முகத்தைச் சுளித்தாள்.

“என்னண்ணா இது? தண்ணிக்குள்ள உட்கார்ந்து செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கான். உதடெல்லாம் நீலம் பூத்துக் கிடக்கு. நீயெல்லாம் ஒரு இன்ஜினியரா?”

ரிமோட்டை எடுத்து செட்டிங்ஸுக்குப் போனாள். நீலத்தின் கோடு வலது ஓரத்தை முட்டிக்கொண்டு நின்றது. நோயை அத்தனை சரியாக அவன் அளந்திருந்தான். அளந்துவிட்டு, படம் தெளிந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போயிருந்தான்.

“அதை மாத்தாத.”

“ஏன்?”

டாக்டர் கேட்டதை அவன் இதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“அம்மாவுக்கு அப்படி வச்சாத்தான் வெள்ளையாத் தெரிஞ்சுது” என்றான். பிறகு மாத்திரையைப் பற்றிச் சொன்னான். பல்பைப் பற்றியும் சொன்னான்.

தங்கை அவனைப் பார்க்கவில்லை. ரிமோட்டை மட்டும் கீழே வைத்தாள். நீலச் சட்டை போட்ட மனிதர் வானிலை வரைக்கும் வாசித்தார். இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.