லூயிஸ் முழங்காலில் தேய்த்த மருந்து

மலேசியாவின் கேமரன் மலையில், காலைக் குளிரில் தேயிலைத் தோட்டமே இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருக்க, பவுலினுக்கு மட்டும் சட்டை வியர்வையில் ஒட்டியது. வயது ஐம்பத்திரண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் இருபத்தாறு வருட வேலை. மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அதன் பிறகுதான் இந்தக் கூத்து. நெஞ்சில் ஒரு சூடு கிளம்பி, கழுத்து, காது, உச்சந்தலை வரை ஏறி, ஐந்து நிமிடத்தில் இறங்கும். அப்புறம் பல் தந்தியடிக்கும்.

ஒரு ஞாயிறு பூசையில் ஃபாதர் நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது அவள் பாட்டுப் புத்தகத்தால் படபடவென்று விசிறிக்கொண்டாள். பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள், இவ்வளவு தூரம் உறைத்திருக்கிறதே என்று மெச்சிக்கொண்டார்கள். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் மீன் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு அசையாமல் நின்றாள்.

"அக்கா, மீனு வேணுமா, ஐசு வேணுமா?" என்று கேட்டான் மீன்காரன்.

அதன் பிறகுதான் தானா ராத்தாவில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் நீலாவதி நிறையக் கேள்விகள் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது மார்புப் புற்றுநோய் உண்டா, காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்றெல்லாம் விசாரித்து, பிரஷர் பார்த்து, ஈப்போவுக்கு அனுப்பி மார்பைப் படம் எடுக்கவும் வைத்தார். எல்லாம் சரியாக இருக்கவே, உடம்பில் குறைந்துபோன ஹார்மோனுக்காக ஒரு ஜெல் கொடுத்தார். தினமும் காலையில் புட்டியின் மூடியை ஓர் அழுத்து அழுத்தி, வருவதைப் புஜத்தில் தடவ வேண்டும். இரவில் ஒரு மாத்திரை.

புருஷன் லூயிஸிடம் இதை எப்படிச் சொல்வதென்று பவுலினுக்குக் கூச்சம். "உடம்புக்கு மருந்து" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். புட்டி குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது.

இரண்டு மாதத்தில் சூடு நன்றாகத் தணிந்தது. ஆனால் மூன்றாவது புட்டி பாதி மாதத்திலேயே அடியைத் தொட்டது. ஒழுகுகிறதோ என்று அவள் அதைக் கவிழ்த்தெல்லாம் பார்த்தாள். அன்று சாயங்காலம் குளியலறைக் கதவு திறந்திருந்தது. லூயிஸ் ஸ்டூலில் உட்கார்ந்து, கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, ஒரு முட்டிக்கு நாலு அழுத்து வீதம் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னாங்க செய்யிறீங்க?"

"முட்டிக்குத் தேய்க்கிறேன். நல்ல சாமான்லா இது. ஒரு வாரமா வலியே இல்ல."

"அதுல என்னா எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"ஜெல்லுன்னு எழுதியிருக்கு. மிச்சமெல்லாம் பொடி எழுத்து."

"பொம்பளைங்களுக்கு மாசம் நின்னுபோனா குடுக்கிற ஹார்மோன் அது."

லூயிஸின் கை முட்டியிலேயே நின்றது. முட்டியைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தன் மார்பைப் பார்த்தான்.

"மாடசாமிக்கும் கொஞ்சம் ஒரு டப்பாவுல எடுத்துக் குடுத்துட்டேனே" என்றான்.

மறுநாள் காலை மூவரும் கிளினிக்கில் இருந்தார்கள். மாடசாமியும் லூயிஸைப் போல லோரி ஓட்டுகிறவன்தான். அடர்ந்த மீசை. அது இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். கதையைக் கேட்ட டாக்டர், மேசை இழுப்பறைக்குள் எதையோ வெகுநேரம் தேடினார். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் கோத்திருந்தது.

"ஒரு வாரம் தேய்ச்சதுக்குப் பயப்பட வேணாம். இன்னியோட நிறுத்திடுங்க. மார்புல வலி, வீக்கம்னு ஏதாச்சும் இருந்தா வாங்க."

"மீசை, டாக்டர்?" என்றான் மாடசாமி.

"அது அங்கியேதான் இருக்கும்."

லூயிஸுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "ஆனா முட்டி வலி போயிருச்சே டாக்டர்?"

"ஒரு வாரமா ஒங்க லோரி வொர்க்‌ஷாப்புல கெடக்கு" என்றாள் பவுலின். "கிளட்ச்சு மிதிக்கலன்னா முட்டி எதுக்கு வலிக்கும்?"

டாக்டர், வந்ததுதான் வந்தார்கள் என்று, சூடு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாவற்றையும் லூயிஸுக்கு விளக்கினார். அவன் கவனமாகக் கேட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினான். "அப்ப நீ என்மேல கோவப்பட்டதெல்லாம் இதனாலதானா?"

"எல்லாம் இல்ல" என்றாள் அவள்.

மாடசாமி வாயை அடக்கத் தெரியாதவன். பொழுது சாய்வதற்குள் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சிரித்தன. ஆண்கள் லூயிஸை "அக்கா" என்றார்கள். பெண்கள் சிரித்து முடித்தபின் ஒவ்வொருவராகப் பவுலினைத் தேடி வந்தார்கள். முதலில் வந்தவள் மாடசாமியின் மனைவி இராசம்மா.

"பவுலினக்கா, எனக்கும் ரெண்டு வருசமா இப்படித்தான். தைராய்டுன்னு நெனச்சேன், பேய்னு நெனச்சேன். யார்கிட்ட கேக்குறது? அந்தக் கிளினிக்கு எங்க இருக்கு?"

அடுத்த சனிக்கிழமை லூயிஸ் ஒரு வேன் இரவல் வாங்கி ஏழு பெண்களைத் தானா ராத்தாவுக்கு ஏற்றிப்போனான். வழியெல்லாம் அவர்கள் பேசிய பேச்சில் அவனுக்குக் காது சிவந்தது. கிளினிக் வாசலில் இராசம்மா அவனை உள்ளே கூப்பிட்டாள்.

"நீங்களும் வாங்கண்ணே, எங்களுக்கு முன்னாடியே போட்டுப் பாத்தவரு நீங்கதானே."

லூயிஸ் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்கு, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடிக்கப் போய்விட்டான்.