சித்தேரி இறக்கத்தில் ஒரு ஹைபிரிட் கார்

காலை எட்டு மணிக்குத் தருமபுரி ஷோரூம் வாசலில் அந்த வெள்ளை செடான் எங்களுக்காக நின்றது. விற்பனைப் பிரதிநிதி ரேவதி ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் ஏதோ பச்சையாக எரிந்தது, சத்தமே இல்லை. "ஸ்டார்ட் ஆயிடுச்சுங்க மேடம்" என்றார். ஸ்டார்ட் ஆன வண்டி இப்படியா இருக்கும்? என் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிட்டது.

நான் பள்ளி ஆசிரியை. தலைமை ஆசிரியை பதவி உயர்வுக்கான கலந்தாய்வு வருகிற திங்கட்கிழமை. என் முறை வரும்போது மிஞ்சப்போவது அநேகமாகச் சித்தேரி மலைப் பள்ளிதான். தினமும் ஏறி இறங்கி வீடு திரும்ப முடிந்தால் எடுத்துக்கொள்ளலாம். முடியாதென்றால் பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். என் கணவர் சண்முகம் ஒரே போடாக, "ஹைபிரிட் வாங்கிடலாம். தெனமும் நானே கொண்டாந்து வுட்டுட்டு சாயங்காலம் கூட்டியாறேன்" என்றார். ஐந்நூறு ரூபாய்ச் செருப்புக்கு மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர், இருபது லட்சத்துக்கு மேல் விலை சொல்லும் காருக்கு இப்படித் தலையாட்டியது எனக்கு இரண்டாவது சந்தேகம். பைபாஸில் ஒரு சுற்று போதுமே என்றார்கள் ஷோரூமில். சித்தேரிக்கு ஏற்றி இறக்கிக் காட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு என்று நான் பிடிவாதமாக நின்றேன். ரேவதி மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். சண்முகம் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஊருக்குள் நெரிசலில் வண்டி பேட்டரியிலேயே ஊர்ந்தது. ஊர் தாண்டி வேகமெடுத்ததும் பெட்ரோல் என்ஜின் முனகிக்கொண்டே சேர்ந்துகொண்டது. லிட்டருக்கு இருபத்தேழு கிலோமீட்டர் என்று திரை காட்டியது. பரீட்சை எழுதுகிறவரே மார்க்கும் போட்டுக்கொண்டால் அந்த விடைத்தாளை நான் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் நானே கணக்குப் பார்க்கப் பாப்பிரெட்டிப்பட்டி பங்க்கில் டேங்கை முழுதாக நிரப்பச் சொன்னேன்.

அந்த ஊரை விட்டுக் கிளம்பும்போதே வேகத்தடையில் வண்டியின் அடி உரசியது. "மூணு பேர் வெயிட்டுங்க மேடம்" என்றார் ரேவதி. மூன்று பேர் உட்கார்ந்தால் உரசும் காரில் ஐந்து சீட் எதற்கு என்று கேட்டேன். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருந்தவர் இதற்குச் சிரித்து வைத்தார்.

பத்து மணி வாக்கில் மலைச்சாலை. ஏற்றத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூச்சு வாங்காமல் ஏறியது. ஒரு வளைவுக்குப் பின்னால் தலையில் புல்லுக்கட்டோடு ஓர் அம்மா நடுரோட்டில் நடந்துகொண்டிருந்தார். நாங்கள் பக்கத்தில் வரும்வரை அவர் ஒதுங்கவில்லை. சண்முகம் ஹாரன் அடித்ததும் பதறித் திரும்பினார்.

"ஏஞ்சார், வண்டி வர்ற சத்தமே கேக்கலியே! நாங்கல்லாம் காதுல கேட்டுத்தான ஒதுங்குவோம்?"

அவர் சொன்னது நியாயம். மெதுவாகப் போகும்போது இந்த வண்டி வருவது நடப்பவர்களுக்குத் தெரியாது. வாங்க நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சித்தேரியில் டீ குடித்தோம். சாமை மூட்டை ஒன்றை வாங்கி டிக்கியில் வைத்தேன். பேட்டரிக்கு இடம் போனது போக இரண்டாவது மூட்டைக்கு இடம் குறைவுதான். பள்ளிக்கூடத்தைக் காம்பவுண்டுக்கு வெளியிலிருந்தே பார்த்தேன். விடுமுறை நாள், பூட்டியிருந்தது.

வினை இறக்கத்தில் இருந்தது. சிறிது தூரம் வந்ததும், சண்முகம் ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே என்ஜின் தானாகக் கத்த ஆரம்பித்தது.

"பாத்தியா! கால எடுத்துட்டேன், அதுபாட்டுக்குக் கத்துது. பெட்ரோல குடிக்குது" என்றவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். இளவயதில் மினிலாரி ஓட்டியவர். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் எரிபொருள் மிச்சம் என்பது எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு வேதவாக்கு.

"சார், கியர டி-யிலயே வுடுங்க சார்! எறக்கத்துல சார்ஜ் ஏறி பேட்டரி நெறஞ்சிடுச்சு, அதான் என்ஜின் வண்டியப் புடிச்சு நிறுத்துது. அதுக்குப் பெட்ரோல் செலவாகாதுங்க. நியூட்ரல்ல போட்டா புடிக்க ஒண்ணுமே இருக்காதுங்க" என்று ரேவதி முன்னால் குனிந்தார்.

"முப்பது வருசமா இப்படித்தாம்மா எறக்குறேன்."

நானும் ரேவதியை நம்பவில்லை. விற்கிறவர் வேறென்ன சொல்வார் என்றுதான் நினைத்தேன். வண்டி சத்தமில்லாமல் உருண்டது. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் சாலை நிறைய ஆடுகள். அவர் அழுத்தி மிதித்தும் வண்டி உடனே நிற்கவில்லை. ஓர் ஆட்டை இடிக்கப்போன இடத்தில்தான் நின்றது. ஆடு மேய்ப்பவர் கோலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்னா சார், உருட்டிக்கினு வர்றீங்க? கொழந்த குட்டி நின்னிருந்தா?"

அந்த வளைவில் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடந்து வருவார்கள் என்ற நினைப்பு வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. பிரேக் ஆறும்வரை காத்திருந்தோம்.

"எறங்குங்க. நான் ஓட்டுறேன்."

"மலையிலயா? உழவர் சந்தைக்கு மேல நீ ஓட்டுனதில்ல."

"எறங்குங்கன்னு சொன்னேன்."

கியரை டி-யில் போட்டேன். என்ஜின் மறுபடி கத்தியது. அது கத்தக் கத்த, பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்ததுபோல வண்டி அடங்கி இறங்கியது. பிரேக்குக்கு அதிகம் வேலையில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன். சண்முகம் கதவுக் கைப்பிடியை விடவே இல்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் மறுபடி டேங்கை நிரப்பினோம். மலை ஏறி இறங்கியதற்கு லிட்டருக்கு இருபது கூட வரவில்லை. திரை சொன்ன இருபத்தேழு எங்கே என்று கேட்டேன். "மலை ரோடுங்களே மேடம்" என்றார் ரேவதி. ஆக என் தீர்ப்பு: அடி உரசும், டிக்கி சிறிது, மைலேஜில் வாய் அதிகம். ஏற்றத்திலும் இறக்கத்திலும் நம்பலாம்.

டீக்கடையில் சண்முகம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், "நீ தனியா அந்த மலையில தெனமும் ஓட்டுறத நெனச்சா எனக்கு பயமா இருக்கு" என்றார்.

"நீங்க ஓட்டுனாத்தாங்க எனக்கு பயமா இருக்கு."

ரேவதி சிரிப்பை அடக்க டம்ளருக்குள் முகத்தைப் புதைத்தார். பிறகு யார் பெயரில் புக்கிங் என்று மெதுவாகக் கேட்டார்.

"அவ பேருலயே போடும்மா" என்றார் சண்முகம். "ஓட்டப்போறது அவதான்."

சித்தேரி வேண்டாம் என்று திங்கட்கிழமை சொல்வதற்கு என்னிடம் இருந்தது போக்குவரத்து என்கிற ஒரே சாக்குதான், இப்போது அதுவும் போயிற்று. காலையிலிருந்து நான் அந்தக் காரில் குறை தேடியது அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.